தண்ணீர் வலது பக்கமிருந்து

செசிலி, அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீ தோட்டத்துத் துரை வீட்டுக் காரில் ஏறிக் கோலாலம்பூருக்குப் போகப்போகிறாய். அதைத் தடுக்க இதை எழுதவில்லை. உன் வயசுக்கு நீ எங்கே போனாலும் நான் வாசலில் நின்று கையாட்டத்தான் முடியும். ஆனால் முந்தாநாள் தோட்டத்து ஆபீஸ் வாசலில், கணக்கு எழுதுகிற கிராணி என்னைக் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். அடுத்த மாதம் புதுத் துரை வருகிறாராம். அவர் மனைவிக்குப் பங்களா வேலைக்கு ஒரு பெண் வேண்டுமாம். நீ நம் துரையம்மாவிடம் உன் தங்கச்சி அமலியின் பெயரைச் சொல்லியிருக்கிறாயாம். ஃபாரம் டூ பரீட்சை முடிந்ததும் அவள் வந்துவிடுவாள் என்று வாக்கே கொடுத்துவிட்டாயாம். “அக்கா போன எடத்துக்குத் தங்கச்சி. ஒங்க வீட்டுக்கு யோகம்தான்” என்று கிராணி சிரித்தார். பெற்றவளுக்கு இது கிராணி வாயால்தான் தெரியவேண்டுமா?

அன்றைக்குச் சாயங்காலம் நீ லயத்துக்கு வந்தபோது கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பானை கழுவுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். நீ சத்தம் போடவில்லை. பங்களாவில் இருந்து இருந்து உனக்குக் குரலே உயர்வதில்லை. பலகைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, “ஃபாரம் த்ரீ படிச்சி எங்கம்மா போவா அவ? மருந்து டாங்கியத் தூக்கிக்கிட்டு ஒங்க பின்னாலதான வரப்போறா. அங்கன்னா நெழல்லயாச்சும் இருப்பால்ல” என்றாய். தோட்டம் முழுக்க வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான். அந்த ஒரு கேள்விக்கு, தண்ணீர் பிடிக்கப்போகிறேன் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். குழாயடியில் நின்றுகொண்டு யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை. எழுதினால் கிடைக்குமா என்று பார்க்கிறேன்.

நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பாதித் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களைத் தள்ளிவிட்டு எண்ணெய்ச் செம்பனை வைத்த நாளிலிருந்து நான் மருந்தடிக்கிறேன். களைக்கொல்லி டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு, முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, பனை வரிசைக்குள் நடந்தால் வெளியே வரும்போது நெற்றிப்பொட்டு இடிக்கும். விரலில் நகம் வளர்வதில்லை. வெயில் அதிகமான நாளில் மூக்கில் இரத்தம் வந்து உதட்டில் இறங்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைப் பார்த்து அழுவாய், நான் வெற்றிலை போட்டேன் என்று சொல்லிச் சமாளிப்பேன். இந்த எழுத்துக்கூட இப்படிக் கோணலாக வருகிறதென்றால் பேனா நழுவுகிறது, அதனால்தான். ஆகவே நிழல் என்று நீ சொன்னால் அதன் அருமை எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. உன்னைவிட எனக்குத்தான் தெரியும்.

ஆனாலும் உன் ஃபாரம் டூவை நினைத்துப் பார்க்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது முடித்து, டவுன் கான்வென்டில் ரிமூவ் கிளாஸில் ஒரு வருஷம் மலாயும் இங்கிலீசும் பழகி, ஃபாரம் ஒன் தாண்டி, அந்த வருஷம்தான் உனக்குப் பள்ளிக்கூடம் பிடிபட்டது. விடிவதற்கு முன்னால் பஸ்ஸுக்கு நடப்பாய். திரும்பி வரும்போது நீ ஒருத்தி வரமாட்டாய், அன்றைக்குப் படித்த பாடமெல்லாம் உன்கூடவே வீட்டுக்குள் வரும். சோறு போட்டுக்கொண்டே நான் கேட்க வேண்டும், அது கட்டாயம். விஞ்ஞான வகுப்பில் ஏதோ ஒரு நாடாவைக் கொளுத்தினார்களாம், கண் கூசுகிற மாதிரி வெள்ளையாக எரிந்ததாம், இரண்டு நாளைக்கு அதே பேச்சு. கணக்கில் எண்ணுக்குப் பதிலாக எழுத்தைப் போடுகிறார்கள் என்று சொன்னாய். தெரியாததற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நீ சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பூகோளப் புத்தகத்தில் பால்மரம் சீவுகிற ஆள் படம் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, வழித்து வாரிய தலை, பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு. அப்பாவிடம் காட்டினாய். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த ஆளு எந்தத் தோட்டம்? நானும் அங்க வேலைக்குப் பேர் குடுக்கணுமே” என்றார். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு லயத்துக் கடைசி வீடுவரை கேட்டிருக்கும்.

சனிக்கிழமை காலையில் கான்வென்ட் சிஸ்டர் ஞானோபதேச வகுப்பு எடுப்பார். பத்துக் கட்டளையில் நாலாவது, பெற்றோரைச் சங்கையாக மதிப்பதைப் பற்றி அவர் சொன்னதை நீ வரி விடாமல் ஒப்பிப்பாய். எல்லாப் பாடத்தையும்விட அதைத்தான் நன்றாகப் படித்தாய் போலிருக்கிறது. அதிலே கொஞ்சம் மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் மனையியல். நன்றாக மார்க் வாங்கும் முதல் கிளாஸ் பிள்ளைகளுக்கு வணிகம், கடைசி கிளாஸ் பிள்ளைகளுக்கு மனையியல் என்று பிரித்திருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் எந்தக் கிளாஸில் இருந்தீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ அதைக் குறையாக நினைக்கவில்லை. அந்தச் சீன டீச்சர் உனக்கு உயிர். தையல், இஸ்திரி, வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவது, கேக் அடிப்பது, மேசையில் சாப்பாடு எடுத்து வைப்பது. நம் வீட்டில் மேசை ஏது? பாயை விரித்து அதுதான் மேசை என்றாய். முள்கரண்டி இடது பக்கம், கத்தி வலது பக்கம் என்று சொல்லி, இருந்த கரண்டி இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தாய். அப்பாவை விருந்தாளியாக உட்காரவைத்தாய். மரக்காட்டிலிருந்து வந்த மனுஷன், குளிக்கக்கூட இல்லை, சட்டையில் பால் நாற்றம். சாப்பாட்டை இடது பக்கமிருந்து கொடுக்க வேண்டும், தண்ணீரை வலது பக்கமிருந்து கொடுக்க வேண்டும் என்று நீ அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாய். எந்தப் பக்கமிருந்து கொடுத்தாலும் குழம்பு வந்தால் சரி என்றார் அவர். நீ கோபித்துக்கொண்டாய்.

இங்கிலீஷ் பாடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். விருந்துக்கு அழைப்பது எப்படி, வருகிறேன் என்று எழுதுவது எப்படி, வர முடியாது என்று எழுதுவது எப்படி. கடைசியில் சொன்னதை நீ எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாய். உங்கள் அன்பான அழைப்புக்கு மிக்க நன்றி, ஏற்றுக்கொள்ள முடியாத நிலையில் இருப்பதற்கு வருந்துகிறேன் என்று வந்தது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. நம்மை யார் கூப்பிடப்போகிறார்கள், நாம் யாருக்கு முடியாது என்று எழுதப்போகிறோம் என்று கேட்டேன். இந்தத் தோட்டத்தில் மேலேயிருந்து கூப்பிட்டு, முடியாது என்று சொன்ன ஆளை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நீயும் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாய். அந்தப் பாடத்தை மூடியது மூடியதுதான்.

அந்தக் கிறிஸ்மஸை நான் மறக்க முடியாது, நீயும் மறந்திருக்கமாட்டாய். பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று, பரீட்சையில் மனையியலில் நீதான் முதல். வீட்டில் கேக் செய்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாய். அடுப்பு ஏது என்றேன். பெரிய அலுமினியப் பானையின் அடியில் மணலைப் பரப்பி, கேக் தகரத்தை அதன்மேல் வைத்து, மூடிமேல் தணல் போட்டால் போதும் என்று நீயாகவே ஒரு வழி கண்டுபிடித்தாய். மார்ஜரினையும் சீனியையும் வெளுக்கும்வரை கையாலேயே அடித்தாய், கை ஓய்ந்தால் அப்பா அடித்தார். அமலி அப்போது இரண்டாவதில் இருந்தாள். பானைக்குப் பக்கத்தில் குந்தியவள் எழுந்திருக்கவேயில்லை. மூடியைத் திறந்தபோது அந்தக் கேக் அப்படி உப்பி, பொன்னாக இருந்தது. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் ஒரு துண்டைக்கூட நம் வாயில் வைப்பதற்கு முன்னால், பாதியை வெட்டித் தனியாக எடுத்து வைத்தேன்.

ஏனென்று உனக்குத் தெரியும். வெள்ளைக்காரத் துரைகள் போய் நம் நாட்டுத் துரைகள் வந்த பிறகும், தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் பங்களாவுக்குத் தட்டு எடுத்துப் போகிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஆரஞ்சும் வாழைப்பழமும் ஒரு மாலையும் வைத்துக் கொண்டுபோய், துரைக்கும் துரையம்மாவுக்கும் மரியாதை செய்துவிட்டு வருவோம். அவர்கள் தட்டைத் தொட்டுக் கொடுப்பார்கள், உள்ளேயிருந்து ஆள் வந்து வாங்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். பழம் கொண்டுபோகிற வீடுகளுக்கு நடுவில் நம் தட்டில் மட்டும் என் மகள் படித்த படிப்பு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இதில் தப்பென்ன? இன்றைக்குக் கேட்டாலும் தப்பில்லை என்றுதான் சொல்வேன். மகள் நன்றாகப் படித்தால் தாய் நாலு பேருக்குக் காட்டத்தான் செய்வாள். நீயும் ஆசையாகத்தான் வந்தாய். கேக்கை நீ வெட்டியடுக்கிய அழகைப் பார்த்துத்தான் துரையம்மா தட்டை உள்ளே அனுப்பாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். ஒரு துண்டு எடுத்துத் தின்றார். யார் செய்தது என்று கேட்டார். ஓவன் இல்லாமலா என்று கேட்டார். நீ முன்னால் வந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, இங்கிலீசில் பதில் சொன்னாய். அந்த அம்மா உன்னை மேலிருந்து கீழாகப் பார்த்த பார்வை எனக்குப் பெருமையாக இருந்தது. சந்தைக்குப் போனால் நாமும் அப்படித்தான் பார்க்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே கிராணி வந்துவிட்டார். பங்களா வேலைக்கு உன்னைத் துரையம்மா கேட்கிறார்கள் என்றார். கேட்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே யாரும் அகராதி பார்ப்பதில்லை. வேலை அவர்களுடையது, வீடு அவர்களுடையது, தண்ணீர்க் குழாய்கூட அவர்களுடையது. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, பிள்ளை ஃபாரம் த்ரீ போக வேண்டுமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கிராணி அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. அப்பா உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். “நீங்க சொன்னா சரிப்பா” என்றாய். சிஸ்டருடைய நாலாம் கட்டளை. அப்பா சரி என்றார்.

ஜனவரியில் சிஸ்டரே தேடிக்கொண்டு வந்தார், ஞாபகம் இருக்கிறதா? மழை பெய்து செம்மண் ரோடு குழம்பாகிக் கிடந்தது. அவருடைய சின்னக் காரை லயத்துப் பையன்கள் தள்ளிவிட்டார்கள். ஏன் செசிலி வரவில்லை என்று கேட்டார். எனக்கு உயிரே வந்தது. யாரும் சொல்லாததை இவர் சொல்வார், துரை என்ன, பெரிய துரையாக இருந்தாலும் சிஸ்டர் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று நினைத்தேன். அவரும் நான் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பங்களாவுக்குப் போனார். நான் வேலைக்கும் போகாமல் வாசலிலேயே காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துத் திரும்பினார். துரையம்மா நல்லவர், பிள்ளையைத் தன் பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறார், தனி அறை கொடுத்திருக்கிறார் என்றார். அங்கே அவருக்குத் தேநீரும் கேக்கும் கொண்டுவந்து வைத்தது நீதானாம். “எவ்வளவு அழகா பரிமாறுறா ஒங்க மகள். எங்க ஸ்கூல் பிள்ளைன்னு பார்த்ததும் தெரியுது” என்றார். கான்வென்டுக்கே பெருமை என்பதுபோல் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் காரை மறுபடியும் பையன்கள் தள்ளிவிட்டார்கள், போய்விட்டார்.

உனக்கு அப்போது நல்ல உடுப்பு என்று இருந்தது ஃபாரம் த்ரீக்காக வாங்கி வைத்திருந்த அந்த நீலப் பினஃபோர்தான். அதைப் போட்டுக்கொண்டுதான் பங்களாவுக்குப் போனாய். துரையம்மா அதன்மேல் வெள்ளை ஏப்ரனைக் கட்டிவிட்டார். விருந்தாளிகள் வந்தால் கான்வென்ட் பெண் என்று சொல்வாராம். பங்களா வேலிப்பக்கம் எனக்கு மருந்தடிக்கிற முறை வந்தது அந்த மாதம்தான். ஜன்னல் வழியாக நீ மேசையில் முள்கரண்டி வைப்பதைப் பார்த்தேன், இடது பக்கம். கத்தி, வலது பக்கம். நம் பாயில் வைத்த அதே மாதிரி. முகத்தில் துணி சுற்றியிருந்ததால் என்னை உனக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். நீ கதவைத் திறந்துகொண்டு வந்தாய். கையில் தட்டு, தட்டில் விரித்த துணி, அதன்மேல் ஐஸ் போட்ட தண்ணீர். காலில் சேறும் முதுகில் டாங்கியுமாக நான் நிற்கிறேன், நீ என்னைச் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் நின்று நீட்டினாய். அம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் அழுவேன் என்று உனக்குத் தெரியும். குடித்துவிட்டு டம்ளரைத் தட்டில் வைத்தேன். நீ உள்ளே போனாய், நான் அடுத்த வரிசைக்குப் போனேன்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. நீ துரை வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தாய், அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாய். அவர்கள் ஃபாரம் டூவைத் தாண்டியதும் அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க உனக்குத் தெரியவில்லை என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு மாப்பிள்ளை பார்த்த இரண்டு தடவையும், துரையம்மா இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். இப்போது துரைக்குத் தலைமை ஆபீசுக்கு மாற்றல். சோபாவும் ஃபிரிட்ஜும் லோரியில் போகின்றன, நீ காரில் போகிறாய். கோபத்தில் எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அமலியிடம் வருகிறேன். அவள் உன்னைப்போல் இல்லை. சொன்ன சொல் கேட்கமாட்டாள், கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல் விடமாட்டாள். டம்ளரை எடுத்தால் பாதித் தண்ணீர் தரையில் இருக்கும். மனையியலில் அவள் மிகவும் பலவீனம் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறார். பெற்ற பிள்ளை ஒரு பாடத்தில் தோற்றதற்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவள் இந்தத் தோட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கணக்கு மட்டும் அவளுக்கு நன்றாக வருகிறது. நீ சொல்வாயே, தெரியாததற்குப் பெயர் வைத்துக் கண்டுபிடிப்பது, அதில் அவள் கெட்டிக்காரி. ஃபாரம் த்ரீ போகட்டும், அங்கே எஸ்.ஆர்.பி. அரசாங்கப் பரீட்சை எழுதட்டும்.

எழுதினால் என்ன ஆகும் என்றுதானே கேட்கிறாய். தெரியாது, செசிலி. பக்கத்து லயத்துப் பையன் ஃபாரம் ஃபைவ் முடித்துவிட்டுச் செகிஞ்சான் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான். பாஸான பெண்கள் ஃபேக்டரி பஸ்ஸில் போய்க் கண் சிவக்கத் திரும்பி வருகிறார்கள். பெயிலான பெண்கள் என் பின்னால் வருகிறார்கள். படித்துப் பெரிய ஆளாகி இந்தத் தோட்டத்தை விட்டுப்போன பெண் யாரையாவது காட்டு என்றால் என்னால் காட்ட முடியாது. நேற்று அப்பாவிடம் கேட்டேன். பால்மரம் போனபின் அவரும் மருந்தடித்துப் பார்வை மங்கிய கண்ணைக் கசக்கிக்கொண்டு, “விடு. பெரியவ சொல்றா, அவளுக்குத் தெரியும்” என்றார். இத்தனை வருஷமாகச் சரி என்று சொல்லியே பழகிவிட்டார். இதுதான் நான் தேடிக் கண்டுபிடித்த பதில், ஒன்றுமில்லாத பதில். அமலி எங்கே போவாள் என்று எனக்குத் தெரியாது. எங்கே போகக் கூடாது என்று மட்டும் தெரியும்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் போய் முடியாது என்றால் கிராணி என்னை உட்காரக்கூடச் சொல்லமாட்டார். அப்பா போகமாட்டார். சிஸ்டர் போய்வந்த கதையைப் பார்த்தோம். அவர்களிடம் அவர்கள் பாஷையில் பேசத் தெரிந்தது நம் வீட்டில் நீ ஒருத்திதான். வாக்குக் கொடுத்ததும் நீ, திருப்பி வாங்கக்கூடியதும் நீ. ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறுவதற்கு முன்னால் துரையம்மாவிடம், தங்கச்சியால் வர முடியாத நிலைக்கு வருந்துகிறேன் என்று சொல்லிவிடு. ஃபாரம் டூவில் படித்ததில் கேக்கை உபயோகித்தாய், தையலை உபயோகித்தாய், முள்கரண்டியை உபயோகித்தாய். இந்த ஒரு பாடத்தைத்தான் இன்னும் தொடவில்லை. ஒரு தடவை, உனக்காக வேண்டாம், அவளுக்காக. நாளைக்குச் சனிக்கிழமை, மணல் பானையில் கேக் செய்யச் சொல்லிக்கொடுக்க வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாயாம். அதற்கும் வராதே. வந்தால் சோறு தின்றுவிட்டுப் போ.

இதுவரை எழுதி முடித்துவிட்டு, உன் கையில் கொடுக்கலாம் என்று மடிக்கப்போனேன். அமலி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். பையை வீசுவாள், சட்டியை உருட்டுவாள் என்று பார்த்தால் சத்தத்தையே காணோம். நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்து நின்றாள். கையில் சாப்பாட்டுத் தட்டு, தட்டில் மடித்துப் போட்ட அவளுடைய கைக்குட்டை, அதன்மேல் டம்ளர் நிறையத் தண்ணீர். என்னைச் சுற்றிக்கொண்டு வலது பக்கமாக வந்து, குனிந்து நீட்டினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை, செசிலி.

“யாருடி சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டேன்.

“அக்காதான். போன வாரமே. சரியா செஞ்சேனாம்மா?”

சரியாகத்தான் செய்திருந்தாள். எனக்குத் தாகமாகவும் இருந்தது. வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் தட்டில் வைத்தேன்.